வயர் கழற்றிய டிஸ்க்

வயரைக் கழற்றிய பிறகும் அந்த ஹார்ட் டிஸ்க் சுற்றுகிற சத்தம் நிற்கவில்லை.

முதலில் அவள் அதை மழை என்றுதான் நினைத்தாள். மத்தியானத்திலிருந்து விடாமல் பெய்துகொண்டிருந்த மழை, மாடி வீட்டின் அந்தச் சின்ன அறை ஜன்னலுக்கு மேலிருந்த தகரத்தில் விழுந்து, கீழ்வீட்டு வாஷிங் மெஷின் துணியைப் புரட்டும் தடதடப்போடு கலந்து, எது எங்கிருந்து வருகிறதென்று பிரிக்க முடியாத ஒரே இரைச்சலாக அறையை நிறைத்திருந்தது. ஆனால் அந்த இரைச்சலுக்கு அடியில் மெல்லிசாக வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. கர்ர்ர் என்று ஒரு சுற்று, தொண்டையைச் செருமுவது போல ஒரு டிக், மறுபடி கர்ர்ர். அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். சமையலறையில் நின்றபடி அதைக் கேட்டால், கணவர் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டார், இனி ஊரே கூடிக் கூப்பிட்டாலும் அவர் காதில் விழாது என்று அர்த்தம்.

"என்னக்கா, கழட்டியாச்சா?" என்றது ஸ்டூலின் மேலிருந்த செல்போன். பேசியது அவள் தம்பி. வேறோர் ஊரில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டி மேய்க்கிற உத்தியோகத்தில் இருக்கிறான். தலையில் வழுக்கை விழத் தொடங்கிவிட்டது. வீட்டில் இன்னும் அவனுக்கு வாலு என்றுதான் பெயர்.

"கழட்டிட்டு ஆன் பண்ணிட்டேன்டா. ஆனா சத்தம் வருது."

"ஃபேன் சத்தமா இருக்கும்."

"ஃபேன் சத்தம் எனக்குத் தெரியாதா? இது டிஸ்க் சத்தம்."

"வயர் ரெண்டு இருக்கும். ஒண்ணு கரண்டு, ஒண்ணு டேட்டா. ரெண்டையும் புடுங்கினியா?"

"ரெண்டும் இதோ தொங்குதுடா."

"அப்ப பிரமைதான். கரண்டு இல்லாம எப்படிச் சுத்தும்? மூச்சு நின்ன ஆளு குறட்டை விடுவானா?" சொல்லிவிட்டு அவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். அந்தப் பக்கம் அவன் நாக்கைக் கடித்துக்கொண்டது இவளுக்குத் தெரிந்தது. "சாரிக்கா. வாய்தான் எனக்கு."

"பரவாயில்லடா" என்றாள்.

கணவர் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து கொடுப்பது அவர் வேலை. எதையும் அளந்து, கோடு போட்டு, பெயர் எழுதி வைக்கிற மனுஷர். அந்தக் கம்ப்யூட்டரையும் அவரே பாகம் பாகமாக வாங்கி வந்து பூட்டினார். உள்ளே இரண்டு டிஸ்க். சின்னது சத்தமே போடாத புது ரகம். கம்ப்யூட்டரை எழுப்பி நடக்கவைக்கிற ஓ.எஸ். அதில் இருந்தது. பெரியது சுற்றிச் சுற்றி வேலை செய்யும் பழைய ரகம். போட்டோ, வீடியோ, மகள் பிறந்த நாளிலிருந்து சேர்த்தது எல்லாம் அதில். இரண்டின் மேலும் வெள்ளை டேப் ஒட்டி மார்க்கரால் எழுதியிருந்தார். சின்னதில், 'போனால் போகட்டும்'. பெரியதில், 'போகக் கூடாது'.

இப்போது கெட்டுப்போனது, 'போனால் போகட்டும்' என்று எழுதிய சின்னதுதான். போன வாரம் திடீரென்று கம்ப்யூட்டர் பாதி எழுந்து, கறுத்து, மறுபடி பாதி எழுந்து, தூக்கத்தில் நடக்கிறவன் மாதிரி அதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கு மகள் சிட்டு அழுத அழுகை இன்னும் காதில் இருந்தது. தினமும் சாப்பிடும்போது அப்பாவின் வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். சர்வீஸ் கடைக்காரர், "பெட்டிய விட்டுட்டுப் போங்கம்மா, அழிச்சிட்டுப் புதுசா ஏத்தித் தர்றேன். உள்ள இருக்கறதுக்கு நான் பொறுப்பில்ல" என்று கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார். அவள் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

வாலுதான் தைரியம் சொன்னான். ஓ.எஸ். சின்ன டிஸ்க்கில்தான் ஏறப்போகிறது, பெரியதைத் தொடவே வேண்டாம். ஆனாலும் கை தவறிப் பெரியதை அழித்துத் தொலைக்காமலிருக்க, முதலிலேயே அதன் வயரைப் பிடுங்கிவிடுவதுதான் உத்தமம். எல்லாம் முடிந்த பிறகு மாட்டிக்கொண்டால் போயிற்று. அதற்காகத்தான் இந்த விடுமுறை நாளைத் தேர்ந்தெடுத்து, சிட்டுவை நாத்தனாரோடு நீச்சல் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

கர்ர்ர். டிக்.

கம்ப்யூட்டரை மறுபடி அணைத்து, டிஸ்க்கைத் தாங்கியிருந்த திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, டிஸ்க்கையே வெளியில் எடுத்துவிட்டாள். கனமாக, ஜில்லென்று இருந்தது. சுற்றிய பொருள் இளஞ்சூடாக அல்லவா இருக்க வேண்டும். துவாலையில் சுற்றி அலமாரித் தட்டில் வைத்துவிட்டுத் திரும்ப வந்து பொத்தானை அழுத்தினாள். மின்விசிறிகள் முனகிக்கொண்டு எழுந்தன. அவற்றுக்குப் பின்னாலேயே, காலியான அந்தப் பொந்திலிருந்து, கர்ர்ர் என்று ஆரம்பித்தது.

கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். டிஸ்க் இருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது. அந்தக் காற்று லேசாக அதிர்ந்தது. தூங்குகிறவரின் முதுகில் கை வைத்தது போல வெதுவெதுப்பாக இருந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எழுந்து போய் விளக்கைப் போட்டாள். மழை இருட்டில் அந்த வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் இருந்தது.

"அக்கா, நான் ஓ.எஸ். போட்டு அனுப்பின பென் டிரைவ மாட்டினியா? ஸ்க்ரீன்ல என்ன வருது?"

"எந்த டிரைவ்ல ஏத்தணும்னு கேக்குது."

"ஒண்ணுதானே காட்டும். அதைத் தொட்டு நெக்ஸ்ட் குடு."

ஒன்று காட்டவில்லை. இரண்டு வரிகள். மேலே சின்ன அளவு. அதற்குக் கீழே, பெரிய அளவு. அந்த எண் அவளுக்கு மனப்பாடம், கணவர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

"ரெண்டு இருக்குடா."

"ரெண்டாவது அந்த பென் டிரைவா இருக்கும்."

"பென் டிரைவ் தனியா தெரியுது. இது பெரிசு. அவரோடது."

"வீடியோ கால்ல வா. காட்டு."

போனைத் தூக்கி மானிட்டருக்கு நேராகப் பிடித்தாள். தம்பியின் முகம் திரைக்கு வெகு அருகே வந்து, கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்த்தது.

"எங்கக்கா ரெண்டு? ஒண்ணுதான் இருக்கு. கீழ காலியா இருக்கே."

அவள் மானிட்டரைப் பார்த்தாள். இரண்டு. போனின் மூலையில் தெரிந்த சின்னப் படத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றுதான். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது அவள் வேலை. தினமும் எத்தனையோ பேரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்கிறவள். இரண்டு கண்ணிலும் குறையில்லாதவள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். மறு கண்ணை மூடிப் பார்த்தாள். இரண்டு வரிகள்தான்.

"அக்கா? நேத்து தூங்கினியா இல்லையா?"

"தூங்கினேன். நீ சொல்றதுதான் சரி. ஒண்ணுதான் இருக்கு" என்று பொய் சொன்னாள். உண்மையைச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்து டாக்டரிடம் கூட்டிப்போவான்.

"அதையே செலக்ட் பண்ணு. பதறாத. பதறாத காரியம் சிதறாது. ஓட ஆரம்பிச்சதும் சொல்லு, ஆபீஸ்ல வேற கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

மேலே இருந்த சின்னதைத் தொட்டாள். சின்னதுதானா என்று பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அழித்துப் புதிதாக ஏற்று என்ற பொத்தானை அழுத்தினாள். சதவீதம் ஏறத் தொடங்கியது. தம்பி சிரித்துக்கொண்டே போனை வைத்தான்.

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை கொஞ்சம் வலுத்தது. கீழ்வீட்டு மெஷின் தண்ணீரை வடித்துவிட்டுச் சுழலத் தொடங்கியது. காலிப் பொந்து தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. திறந்திருந்த பெட்டியிலிருந்து வந்த சூட்டுக் காற்றில் தூசி வாடை. தூசிக்குள் இன்னொரு வாடை, அடிநாக்கில் சுரீரென்று ஏறுவது போல. கிராம்பு. சிகரெட்டை விட்ட நாளிலிருந்து அவர் எப்போதும் கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பார். பயம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குக் கண்ணில் நீர்தான் வந்தது. முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

புது ஓ.எஸ். எழுந்தபோது பெயர் கேட்கும், பாஸ்வேர்டு கேட்கும் என்று தம்பி சொல்லியிருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. வெறும் நீலத் திரை வந்தது. அதன் நடுவில் ஒரு டிரைவின் படம். கீழே பெயர்: போகக் கூடாது.

அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். துவாலை, துவாலைக்குள் டிஸ்க். அப்படியே இருந்தது.

திறந்தாள்.

வருஷ வாரியாகக் கோப்புறைகள். சிட்டு பிறந்த வருஷம், அவள் நடந்த வருஷம், பள்ளிக்கூடம் சேர்த்த வருஷம். எல்லாம் இருந்தன, ஒன்றுகூடத் தொலையவில்லை. அப்பாடா என்று சாய்ந்தவள் கண்ணில் கடைசிக் கோப்புறை பட்டது. இந்த வருஷத்தின் எண்.

இந்த வருஷம் யார் இதில் போட்டோ ஏற்றினார்கள்?

முதல் படத்தில் சிட்டு நீச்சல் குளத்தின் ஓரத்தில், மூக்கைப் பிடித்துக்கொண்டு, குதிக்கத் தயாராக நிற்கிறாள். நாத்தனார் எடுத்திருப்பாள் என்று நினைத்தாள். அடுத்ததில் சிட்டுவின் பிறந்த நாள். அவளுக்கு நெற்றி சுருங்கியது. இந்தத் தடவை பிறந்த நாள் கொண்டாடவில்லையே. கேக் வாங்கிய பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அவளும் சிட்டுவும் சீக்கிரம் படுத்துவிட்டார்களே. படத்தில் கேக் இருந்தது. மெழுகுவர்த்திகள் எரிந்தன. சிட்டுவின் கையைப் பிடித்துக் கத்தியை அழுத்திக்கொண்டு, குனிந்து, அவர்.

தாடி விட்டிருந்தார். தாடியில் நரை. இடது புருவத்தின் மேல், அவள் இதுவரை பார்த்திராத ஒரு தழும்பு. இளைத்திருந்தார். ஆனால் அவர்தான். அந்தக் கழுத்து வளைவு, சட்டைப் பையில் அந்த இரட்டைப் பேனா.

அவள் பயப்படவில்லை. யாராவது கேட்டால் நம்ப மாட்டார்கள். அந்த நேரத்தில் அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, விம்மி விம்மிச் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். சிட்டுவுக்குத் தலை பின்னத் தெரியாமல் பின்னிக் கோணலாக்கிய படம். சமையலறையில் கரிந்துபோன தோசைக்கல்லைத் தூக்கிக் காட்டும் படம். மனுஷர் இருக்கிறார். எங்கேயோ இருக்கிறார். வயசாகிக்கொண்டு, தோசையைக் கருக்கிக்கொண்டு, எப்படியோ இருக்கிறார். அது போதும் என்று தோன்றியது.

எந்தப் படத்தில் தான் இருக்கிறோம் என்று அவள் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பிறந்த நாளில் இல்லை. கடற்கரையில் இல்லை. நாத்தனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அத்தனை பேரும் இருந்தார்கள், வாலுகூட வந்திருந்தான், அவளுக்கு மட்டும் நாற்காலி இல்லை. போட்டோ எடுத்தது நானாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி பிறந்த நாள் படத்துக்குப் போய், அதைப் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்தாள். கேக்குக்குப் பின்னால் கூடத்துச் சுவர். சுவரில் ஒரு சட்டம் போட்ட படம். கண்ணாடிக் கடை அடையாள அட்டைக்காக எடுத்த, அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காத, அந்த முறைக்கிற போட்டோ. பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அதன் கீழே இரண்டு தேதிகள்.

இரண்டாவது தேதி அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கும் மழைதான். கார் ஓட்டியது அவர். பக்கத்து இருக்கையில் அவள். லாரி அவர் பக்கமாக வந்து மோதியது. ஒரு சாண் அந்தப் பக்கம் தள்ளி வந்திருந்தால் நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள், அவர் இருந்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னார்கள். ஆறுதலாகச் சொன்னார்கள்.

சிரிப்பு எப்போது நின்றதென்று தெரியவில்லை.

படங்களின் கடைசியில் ஒரு வீடியோ இருந்தது. அதற்குப் பெயரில்லை. எத்தனை நேரம் ஓடும் என்று காட்டுகிற எண் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் எடுத்து முடிக்காத வீடியோ. தொட்டாள்.

இந்த அறை. இதே ஜன்னல், இதே மழை. இதே நாற்காலியில் அவர். மானிட்டருக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல, முகத்துக்கு நேரே முகம். பக்கத்தில் ஸ்டூல், ஸ்டூலில் செல்போன். தரையில் பக்கம் திறந்த பெட்டி.

"என்ன மாமா, கழட்டியாச்சா?" செல்போனில் வாலுவின் குரல்.

"கழட்டிட்டேன்டா." அந்தக் குரல். கரகரப்பாக, ஒரு பக்கத்துக் கன்னத்தில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற அந்தக் குரல். "ஆனா இன்னும் சுத்துதுடா."

"என்னங்க!" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஸ்க்ரீன்ல எத்தனை காட்டுது மாமா?"

அவருடைய மூக்குக் கண்ணாடி அவள் கடையில் போட்டுக் கொடுத்தது. அந்த வில்லைகளில் மானிட்டர் வெளிச்சம் பிரதிபலித்தது. ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வரிகள்.

"ரெண்டு."

"கழட்டினது கையில இருக்கா?"

"இதோ வெச்சிருக்கேன்." மடியிலிருந்து டிஸ்க்கை எடுத்துப் பார்த்தார். வெள்ளை டேப். அவர் கையெழுத்து. "உங்கக்கா படமெல்லாம் இதுலதான்டா இருக்கு. இது போயிடுச்சுன்னா சிட்டுவுக்கு அவ மூஞ்சியே மறந்துடும்."

"கையில இருக்கறது எங்க மாமா போயிடும்? திரையில தெரியறது ஏதோ பழைய குப்பை. அதை டெலிட் குடுத்துடுங்க, இல்லன்னா நாளைக்கு பூட் ஆகறப்ப குழப்பும்."

அவர் தயங்கினார். பதறாத மனுஷர். எதையும் அளந்துதான் செய்வார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, மவுஸை நகர்த்தினார். வில்லைகளில் கீழ் வரி நீலமானது.

"வேணாங்க. அது வேணாம். அது குப்பை இல்லங்க!" அவள் மானிட்டரின் இரு பக்கத்தையும் பிடித்து உலுக்கினாள். மேஜையைக் கையால் அடித்தாள். விரல் முட்டியால் கண்ணாடித் திரையைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

அவர் கை நின்றது. குனிந்து, பெட்டியின் பக்கம் காதை வைத்தார்.

"டேய், உள்ள தட்டற மாதிரி கேக்குதுடா."

அவள் இன்னும் வேகமாகத் தட்டினாள். தோல் உரிந்தது.

"டிக் டிக்குனா மாமா?"

"ஆமாடா. விடாம."

"டிஸ்க் சாகறப்ப அப்படித்தான் தட்டும் மாமா. அது முடிஞ்சு போன கேஸு. பாவம் பாக்காம அழிச்சிடுங்க."

சுவர் பிளக்கைப் பிடித்து இழுத்தாள். வயர் கையோடு வந்தது. மின்விசிறிகள் நின்றன, பெட்டியின் விளக்கு அணைந்தது. மானிட்டரில் அவர் மட்டும் இருந்தார். பெருமூச்சு விட்டார். ஒரு விரலை மடக்கி, மெதுவாக, டெலிட் பொத்தானை அழுத்தினார்.

ஒன்றும் ஆகவில்லை.

அவள் மூச்சு வாங்க நின்றாள். அறை அப்படியே இருந்தது. ஜன்னல், அலமாரி, துவாலை. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு உறைத்தது: பெய்கிறது, சத்தம் இல்லை. தகரத்தில் துளிகள் விழுந்து தெறித்தன, ஊமையாக. கீழ்வீட்டு மெஷின் நின்றிருந்தது. நின்றது என்றால் முடிந்து நின்றது போலில்லை. சுழற்சியின் நடுவில், கத்தரித்தது போல.

போனை எடுத்தாள். தம்பியின் எண்ணைத் தேடினாள். பட்டியல் காலி. எண் மனப்பாடம்தான், அழுத்த விரலை வைத்தாள். முதல் எண் என்ன?

முதல் எண் என்ன?

கூடத்துக்கு ஓடினாள். சுவரில் போட்டோ மாட்டியிருந்த ஆணிகள் இருந்தன. போட்டோக்கள் இல்லை. கல்யாணப் படம் இல்லை. திரும்பிப் பார்த்தபோது ஆணிகளும் இல்லை. சமையலறை வாசலில் எட்டிப் பார்த்தாள். குழாய் இருந்த இடம், அடுப்பு இருந்த இடம். வெறும் வெள்ளைச் சுவர். சுவரில் மூலை இல்லை. எங்கே முடிகிறதென்று கண் பிடிக்கவில்லை.

அப்போதுதான் கேட்டது. படிக்கட்டில் சின்னச் செருப்புகளின் பட் பட். ஈரச் செருப்பு. வேகமாக ஏறி வரும் கால்.

சிட்டு.

"வராதடி! அங்கயே நில்லு! அத்தை கைய புடிச்சிக்கிட்டு அங்கயே நில்லு, அம்மா வர்றேன்!"

கத்தினாள். தொண்டை அசைந்தது. அவள் குரல் அவள் காதுக்கே வரவில்லை.

வாசல் கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள். வந்தது. கதவைத் திறந்தாள்.

அந்த நொடியில், முதுகுக்குப் பின்னால், அறையிலிருந்து, கதவு திறக்கும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. பையைத் தரையில் எறியும் சத்தம். "அப்பா! இன்னைக்கு நான் மூக்க புடிக்காம குதிச்சேன்ப்பா!" நாற்காலி நகர்ந்தது. "அடி என் தங்கமே, தலைய துவட்டுடி முதல்ல." யாரோ சிரித்தார்கள்.

அவள் திறந்த கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

படிக்கட்டு இல்லை. எதிர்வீட்டுக் கதவு இல்லை. இருட்டு இல்லை. வெளிச்சமும் இல்லை. பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. கண் போய் நிற்க இடமில்லாமல் திரும்பி வந்தது. குனிந்தாள். நிலைப்படிக்கு வெளியே கிடக்கும் தேங்காய் நார் மிதியடி பாதிதான் இருந்தது. அளவுகோல் வைத்துக் கோடு போட்டு வெட்டியது போல, நேராக, ஒரு நார்கூடப் பிசிறாமல். அந்தக் கோட்டுக்கு அப்பால் மிதியடியின் மறுபாதி ஒருபோதும் இருந்ததாகவே தெரியவில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு நிலைப்படியைத் தாண்டி, ஒரு விரற்கடை உள்ளே நகர்ந்தது. அவளுடைய வலது காலின் பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில், வலி எதுவும் இல்லை.